இடம் பார்ப்பதற்கு முன்னால்: ஒரு தாய், இரண்டு பிள்ளைகள் குறித்த நிகழ்வு ஆய்வு

பரிந்துரை

மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவிலிருந்து வந்த தாளில் இருந்தது இவ்வளவுதான்: "பெண், வயது 79. மறதி நோய். பிள்ளைகளுக்குள் தகராறு. முதியோர் இல்லத்தில் சேர்க்க உதவி தேவை." கணவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தாய் இருப்பது மூத்த மகளுடன். மகளுக்கு 56 வயது, வேலைக்குப் போகிறவர். மகனுக்கு 51, வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறார். (இது ஒரே குடும்பத்தின் கதை அல்ல. திரும்பத் திரும்ப ஒரே சாயலில் வரும் பல நிகழ்வுகளைச் சேர்த்து, அடையாளங்களை நீக்கித் தொகுத்தது. இதில் வரும் அளவுகளும் அந்தத் தொகுப்புக்கு உரியவை.)

இப்படி ஒரு தாளைப் பார்த்ததும் முதியோர் இல்லங்களின் பட்டியலைத் தேடத் தொடங்கும் சமூகப் பணியாளர்கள் உண்டு. அது தவறான தொடக்கம். தாளில் இருக்கும் மூன்றில் ஒன்று நோயின் பெயர், ஒன்று புகார், ஒன்று தீர்வு. நோயின் பெயரை யார், எந்தச் சோதனையை வைத்துச் சொன்னார்கள்? மருத்துவக் குறிப்பில் சோதனை எதுவும் இல்லை. மகள் சொன்ன சொல்லே அப்படியே ஏறியிருந்தது. தீர்வைக் கேட்டவர் மகள். தாயிடம் யாரும் எதையும் கேட்டதற்கான தடயம் தாளில் இல்லை. என்ன மாறியது, எப்போது மாறியது, யாருக்கு எது தாங்கவில்லை என்பவற்றையெல்லாம் கேட்ட பிறகுதான் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வர வேண்டும். வரிசை மாறினால், சரிசெய்யக்கூடிய ஒரு காரணத்துக்காக ஒருவர் தன் வீட்டை நிரந்தரமாக இழந்துவிடுவார்.

தொலைபேசியில் கேட்டவை

"எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டால் "கொஞ்ச நாளாவே இப்படித்தான், மேடம்" என்று பதில் வரும். அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. காலத்தை ஒரு நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேட்க வேண்டும். பேத்தியின் கல்யாணத்தில் எப்படி இருந்தார்? வந்தவர்களை அடையாளம் தெரிந்ததா? தன் நகையைத் தானே எடுத்து வைத்தாரா? நான்கு மாதத்துக்கு முன் நடந்த அந்தக் கல்யாணத்தில் தாய்தான் உறவினர்களுக்கு அழைப்பு சொல்லியிருக்கிறார். யார் யார் வரவில்லை என்று மறுநாள் பட்டியல் போட்டிருக்கிறார். பிறகு மகளுக்கே நினைவு வந்தது: "ஆறு வாரம் இருக்கும். ஒரு நாள் ராத்திரி எழுந்து, அப்பா வெளியில நிக்கறார், கதவத் திறன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் எல்லாமே."

ஆறு வாரத்தில் இவ்வளவு சரிவு என்பது டிமென்ஷியாவின், அதாவது மூளைத் திறன் மெல்லத் தேயும் மறதி நோயின், வழக்கமான வேகம் அல்ல. டிமென்ஷியா மாதங்களிலும் ஆண்டுகளிலும் நகரும். மணிகளிலோ நாட்களிலோ தொடங்கி, ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். அது உடலில் ஏதோ சரியில்லை என்பதற்கான அவசர அறிகுறி. பணியாளர் நோயைக் கண்டறிய வேண்டியதில்லை. ஆனால் இந்த வேறுபாட்டைக் கேட்கும் காது அவருக்கு வேண்டும், ஏனென்றால் மருத்துவர் பத்து நிமிடம் பார்க்கும் இடத்தில் பணியாளர்தான் ஒரு மணி நேரம் உட்காருகிறார்.

அடுத்த கேள்வி: அந்த இரவுக்கு முந்தைய ஒரு மாதத்தில் வேறு என்ன மாறியது? புது மாத்திரை, காய்ச்சல், விழுதல், இடமாற்றம், இறப்பு, தூக்கம், மலம், சிறுநீர் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "ஏதாவது மாற்றம் உண்டா?" என்று மொத்தமாகக் கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும். மகள் சொன்னது: சிறுநீர் அவசரத்துக்கு ஒரு மாத்திரை தொடங்கியிருந்தது. மலச்சிக்கல் இருந்தது. இரவில் தூங்காததால் கடையில் ஒரு தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள்.

அழைப்பை முடிக்கும்போது ஒரு வேண்டுகோள் மட்டும்: வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். மருத்துவர் எழுதியது, கடையில் கேட்டு வாங்கியது, தெரிந்தவர் கொடுத்தது, பாதி தீர்ந்த பாட்டில், கண் சொட்டு மருந்து எல்லாம். எதையும் தூக்கிப் போட வேண்டாம், எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வீட்டில் முதல் சந்திப்பு

தாயைத் தனியாகப் பார்ப்பது முதல் விதி. பல வீடுகளில் இது எளிதில் நடக்காது. "எங்களுக்குத் தெரியாம என்ன பேசப் போறீங்க" என்று நேராகவே கேட்பார்கள். "எல்லார்கிட்டயும் தனித்தனியா பேசுவேன். முதல்ல அம்மா, அப்புறம் நீங்க, அப்புறம் சேர்ந்து" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் எதிர்ப்பு பெரும்பாலும் அடங்கும். அப்படியும் தனியாக விட மறுத்தால், அந்த மறுப்பைக் குறிப்பில் எழுதிக்கொள்ள வேண்டும்.

தாய் கட்டிலில் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். கேட்ட கேள்விக்கு வேறு எதையோ பதிலாகச் சொன்னார். இங்கே பலர் "குழப்பம்" என்று எழுதிவிடுவார்கள். தலையணைக்குக் கீழே காது கேட்கும் கருவி இருந்தது, பேட்டரி தீர்ந்திருந்தது. புது பேட்டரி போட்டு, தொலைக்காட்சியை அணைத்து, வெளிச்சம் பணியாளரின் முகத்தில் விழும்படி எதிரே ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, கத்தாமல் தாழ்ந்த குரலில் ஒரு நேரத்தில் ஒரே கேள்வியாகக் கேட்டதும் பதில்களில் பாதி பொருந்தி வந்தது. பாதிதான். மீதிப் பாதி உண்மையான குழப்பம். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னால் இரண்டு மாதம் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். பேச்சின் நடுவே கண் சொருகியது. மகளின் கணக்குப்படி காலையில் நன்றாகப் பேசுகிறவர், மாலையில் ஆள் தெரியாமல் திகைக்கிறார்.

முதியோர் மருத்துவர் ஷாரன் இனோயி 1990இல் வெளியிட்ட குழப்ப மதிப்பீட்டு முறை கேட்பது இந்த நான்கையே: திடீர்த் தொடக்கமும் ஏற்ற இறக்கமும், கவனம் நிலைக்காமை, சிந்தனை சிதறுதல், விழிப்பு நிலையில் மாற்றம். முதல் இரண்டும் கட்டாயம். பின் இரண்டில் ஒன்று இருந்தால் போதும். இவரிடம் நான்கும் இருந்தன. சத்தம் போடாமல், படுத்தே கிடக்கும் அமைதியான டெலிரியம்தான் அதிகம் தவறவிடப்படுகிறது. அடங்கி இருப்பவரால் வீட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லை என்பதே காரணம்.

அன்று நினைவாற்றல் சோதனை எதுவும் வைக்கப்படவில்லை. வைக்கக் கூடாது. டெலிரியம் இருக்கும்போது எடுக்கிற மதிப்பெண் குறைவாகவே வரும்; அந்த எண் கோப்பில் ஏறிவிட்டால் பிறகு யாராலும் அதை அழிக்க முடியாது.

மாத்திரைப் பை

பையில் 14 வகை இருந்தன; உண்மையில் உட்கொண்டது 9. ஒவ்வொன்றுக்கும் ஆறு கட்டம்: பெயர், அளவு, யார் எழுதியது, எதற்கு, எப்போதிலிருந்து, நிஜமாக எப்படிச் சாப்பிடுகிறார். கடைசிக் கட்டத்துக்கு வாய்ப்பேச்சு போதாது, மாத்திரையை எண்ண வேண்டும். 20 நாளைக்கு முன் வாங்கிய 30 மாத்திரையில் 10 மிச்சமிருந்தால் தினம் ஒன்று போகிறது. 22 மிச்சமிருந்தால் தவறுகிறது. ஒன்றுமே மிச்சமில்லை என்றால் யாரோ இரண்டு தடவை கொடுக்கிறார்கள். தூக்க மாத்திரையில் நடந்தது அதுதான்: மகள் ஒன்று கொடுக்க, தூக்கம் வராமல் தாயே இன்னொன்றை எடுத்துக்கொண்டிருந்தார்.

தேதி வாரியாக அடுக்கியதும் சங்கிலி தெரிந்தது. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். அதன் பக்கவிளைவாகக் கணுக்கால் வீக்கம். வீக்கத்துக்கு வேறொரு மருத்துவர் ஃபுரோசமைடு எழுதினார். அதனால் அடிக்கடி சிறுநீர், சில நேரம் போய்ச் சேருவதற்குள் கசிவு. அதற்கு மூன்றாமவர் ஆக்சிபியூட்டினின். இரவில் பல தடவை எழுந்ததால் தூக்கமில்லை; அதற்குக் கடையில் வாங்கிய டைஃபென்ஹைட்ரமின். கடைசி இரண்டும் அசெட்டில்கோலின் என்ற நரம்புச் செய்திப்பொருளைத் தடுப்பவை. வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர்த் தேக்கம், மங்கல் பார்வை, முதியவர்களுக்குக் குழப்பம் என்று ஒரே திசையில் இரண்டும் சேர்ந்து இழுக்கும். 1991இல் மார்க் பியர்ஸ் தொடங்கி வைத்து, இன்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் புதுப்பித்துவரும் பியர்ஸ் பட்டியலில், முதியவர்களுக்குத் தவிர்க்கவேண்டிய மருந்துகளின் வரிசையில் டைஃபென்ஹைட்ரமின் இருக்கிறது. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோயென்று எண்ணி அடுத்த மருந்து எழுதும் இந்தத் தொடரைப் பவுலா ரோஷனும் ஜெரி குர்விட்ஸும் 1990களில் விளக்கிப் பெயரிட்டார்கள். மூன்று மருத்துவர்களும் தங்கள் அளவில் சரியாகவே எழுதினார்கள். முழுப் பையையும் ஒருவரும் பார்க்கவில்லை.

சமூகப் பணியாளர் எந்த மாத்திரையையும் நிறுத்தச் சொல்லக் கூடாது. செய்யவேண்டியது, அன்றே மருத்துவருக்கு ஒரு பக்கக் கடிதம். நீளமான கடிதம் படிக்கப்படாது. அனுப்பிய கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

"நான்கு மாதம் முன்பு சுதந்திரமாகச் செயல்பட்டவர். ஆறு வாரமாகத் திடீர்க் குழப்பம், நாளுக்குள் ஏற்ற இறக்கம், கவனம் நிலைக்கவில்லை, பகலில் தூக்கம், இல்லாதவர் தெரிவதாகச் சொல்கிறார். தொடங்குவதற்கு முன் மூன்று வாரத்துக்குள் ஆக்சிபியூட்டினினும் கடைத் தூக்க மாத்திரையும் (சில இரவு இரட்டிப்பாக) சேர்ந்துள்ளன. மலம் கழித்து ஐந்து நாள். ஐந்து மாதத்தில் எடை 54 கிலோவிலிருந்து 49. எழுந்து நிற்கையில் தலை சுற்றுவதாகச் சொல்கிறார். மருந்துப் பட்டியல் இணைப்பில். டெலிரியமா என்று இன்றோ நாளையோ பார்க்க வேண்டுகிறோம்."

மறுநாளே பார்த்தார்கள். படுக்கையில் 138 இருந்த மேல் அழுத்தம், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் 112க்கு இறங்கியது. 20 இறங்கினாலே அது கணக்கில் எடுக்கவேண்டிய சரிவு. சோடியம், சர்க்கரை, தைராய்டு, பி12 பார்த்தார்கள். தூக்க மாத்திரையும் ஆக்சிபியூட்டினினும் நின்றன. அம்லோடிபினுக்குப் பதில் வேறொன்று வந்தது. வீக்கம் வடிந்ததும் ஃபுரோசமைடும் போனது. மலச்சிக்கலுக்குச் சிகிச்சை, வலது காதில் இறுகியிருந்த மெழுகு அகற்றம். சிறுநீரில் கிருமி தெரிந்தது. எரிச்சலோ காய்ச்சலோ இல்லாததால் மருத்துவர் ஆன்டிபயாடிக் தரவில்லை. வயதான பெண்களிடம் நோயில்லாமலே சிறுநீரில் கிருமி இருப்பது சாதாரணம். அதைப் பிடித்துக்கொண்டு உண்மையான காரணத்தை விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது.

கையில் இருந்த நீலக் கன்றல்கள்

இரண்டு மேற்கைகளிலும், உள்பக்கமாக, விரல் பதிந்தது போலக் கன்றல் இருந்தது. கூடவே தாய் சொன்னார்: "என் காசெல்லாம் எடுக்கறாங்கம்மா. கேட்டா எனக்குப் பைத்தியம்னு சொல்றாங்க."

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 6 பேரில் ஒருவர் ஓராண்டில் ஏதாவது ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார். குழப்பத்தில் இருப்பவர் சொல்வதால் அது பொய்யாகிவிடாது. அழுதுகொண்டே சொல்வதால் உண்மையாகிவிடவும் செய்யாது. சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும், இருவரிடமும் தனித்தனியாக. "யாராவது அடிச்சாங்களா?" என்று தொடங்கக் கூடாது. "இந்தக் கை எப்படி ஆச்சு அம்மா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

தாய் சொன்னது: "பாத்ரூம்ல உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியல. அவதான் தூக்குவா. வலிக்கும்." மகள், வேறு அறையில்: "ராத்திரில தூங்கி வழியறாங்க மேடம். ரெண்டு கையையும் பிடிச்சுத் தூக்கினாத்தான் எழுந்திரிக்கறாங்க." கன்றலின் இடமும் வடிவமும் இரண்டு சொல்லோடும் பொருந்தின. எப்படித் தூக்குகிறார் என்று நடித்துக் காட்டச் சொன்னபோது எல்லாம் விளங்கியது: இருக்கை மிகத் தாழ்வு, பிடித்துக்கொள்ளத் துணிக்கம்பி ஒன்றுதான், அது சுவரில் ஆடியது. மகள் முன்னால் நின்று மேற்கைகளைப் பிடித்து நேராக மேலே இழுத்தார். அது தாயின் தோலுக்கும் கேடு, தோள் மூட்டுக்கும் கேடு, மகளின் முதுகுக்கும் கேடு.

திருத்தம் மூன்று. கழிப்பறை இருக்கையின் மேல் உயரம் கூட்டும் வளையம். பாதம் தரையில் முழுதாகப் பதிந்து, இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்குமளவு. துணிக்கம்பியைக் கழற்றிவிட்டு, சுவருக்குள் உறுதியாகப் பிணைத்த கைப்பிடிக் கம்பி. பிறகு எழும் முறை: இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, கம்பியைப் பிடித்து எழுவது. உதவுபவர் பக்கவாட்டில் நின்று இடுப்பைத் தாங்க வேண்டும், கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. பிசியோதெரபிஸ்ட் வந்து இருவருக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார். இரண்டு வாரத்தில் பழைய கன்றல் மறைந்தது, புதிது வரவில்லை. வந்திருந்தால் விசாரணை வேறு பாதையில் போயிருக்கும். அதை மகளிடமே வெளிப்படையாகச் சொல்லி வைத்திருந்தோம்.

பண விஷயம் இவ்வளவு சுத்தமாக முடியவில்லை. ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் மகனிடம் இருந்தன. பெரும்பாலான எடுப்புகள் வீட்டுச் செலவுக்கு வந்து சேர்ந்திருந்தன. இரண்டு எடுப்புகளுக்குக் கணக்கில்லை. "அம்மாவுக்காகத்தான் எடுத்தேன், எதுக்குன்னு நினைவில்ல" என்றார் மகன். பணியாளர் இதில் தீர்ப்பு சொல்பவர் அல்ல. தேதி, தொகை, யார் என்ன விளக்கம் சொன்னார் என்று எழுதி, மேற்பார்வையாளரிடம் வைத்து, முறைப்படி புகார் செய்யவேண்டிய அளவா என்று சேர்ந்து முடிவெடுத்தார்கள். சட்டக் கடமை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் இந்த முடிவைத் தனி ஆளாக எடுக்கக் கூடாது. இங்கே முடிவு: அன்றே அட்டையைத் தாயிடம் திருப்புவது, ரகசிய எண்ணை மாற்றுவது, தாயின் தலை தெளிந்ததும் அவரிடமே கேட்பது.

மகளின் பங்கு

மகளைப் பராமரிப்பாளராக மட்டும் பார்த்தால் பாதி நிகழ்வு கண்ணுக்குத் தெரியாது. அவருக்கும் தனி மதிப்பீடு தேவை, தாய் காதில் விழாத இடத்தில். பராமரிப்பவரின் சுமையை அளக்கும் சாரிட் வினாநிரலின் 22 கேள்விகளில் 88க்கு 52 வந்தது; மிதமானதிலிருந்து கடுமையான சுமை. எண்ணைவிட முக்கியம், எந்தக் கேள்விகளில் அது ஏறியது என்பது. தூக்கம், தனக்கென்று நேரம், "இன்னும் எவ்வளவு நாள் தாங்குவேன்" ஆகிய மூன்றிலும் உச்சம். வேலையும் வீடும் பெற்றோரும் ஒரே தோளில் விழும் நடுவயதுப் பெண்களைப் பற்றி 1981இல் எழுதியவர் எலைன் பிராடி. பவல் லாட்டனோடு சேர்ந்து 1969இல் அன்றாடத் திறன் அளவுகோலைத் தந்த அதே பிராடி சமூகப் பணி படித்தவர். முதியவரின் திறனையும் அவரைத் தாங்கும் மகளையும் ஒரே ஆள் கவனித்தது தற்செயல் அல்ல.

கடைசியில் மகள் சொன்னார்: "ஒரு நாள் அம்மாவ அடிச்சிடுவேனோன்னு பயமா இருக்கு மேடம்."

"அப்படியெல்லாம் நினைக்காதீங்க" என்று ஆறுதல் சொன்னால் அவர் இனி இதை யாரிடமும் சொல்லமாட்டார். முகத்தில் அதிர்ச்சி காட்டினாலும் அப்படித்தான். கேட்கவேண்டியவை: இதுவரை கை ஓங்கியிருக்கிறதா? எந்த நேரத்தில் இந்த நினைப்பு வரும்? அப்போது என்ன செய்கிறீர்கள்? அந்த நேரத்தில் யாரை எழுப்ப முடியும்? பதில்: அடித்ததில்லை, இரவு மூன்றாம் தடவை எழுப்பும்போது வரும், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பார். அன்று மாலைக்குள் ஒரு தற்காலிக ஏற்பாடு எழுதப்பட்டது. வாரத்தில் மூன்று இரவு மகளின் கணவர் தாயின் அறைக்குப் பக்கத்தில் படுப்பார். கட்டிலருகே கமோடு நாற்காலி, தரையோடு மங்கிய இரவு விளக்கு. கோபம் ஏறினால் தாயைப் பாதுகாப்பாக உட்காரவைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வரலாம், அது தவறில்லை என்று சொல்லிக் கொடுக்கப்பட்டது. அடுத்த நாள் காலை பணியாளர் அழைப்பதாகச் சொன்னார், அழைத்தார். சொன்ன நேரத்துக்கு அழைக்காத பணியாளரிடம் இரண்டாவது உண்மை வந்து சேராது.

திறன் மதிப்பீடு

தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் ஆறு செயல்களைப் பார்க்கும் காட்ஸ் அட்டவணையில் 3: குளியல், கழிப்பறை, சிறுநீர்-மலக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் போயிருந்தன, உடுத்துதல், படுக்கையிலிருந்து எழுதல், தானே உண்ணுதல் இருந்தன. சமையல், மருந்து, பணம் போன்றவற்றைக் கையாளும் திறனைப் பார்க்கும் லாட்டன்-பிராடி அளவுகோலில் எட்டுக்கு 2. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார 24 விநாடி. 12ஐத் தாண்டினாலே விழும் ஆபத்தைப் பார்க்க வேண்டும். இந்த அளவுகளில் கேள்வி கேட்டு எழுதுவதும் கண்ணால் பார்த்து எழுதுவதும் வேறுவேறு விடை தரும். குடும்பம் "முடியாது" என்று சொல்பவற்றில் பல, நேரமில்லாததால் குடும்பமே செய்துவிடுபவை. இவர் பொத்தானைத் தானே போட நான்கு நிமிடம் எடுத்தார். மகளுக்குக் காலையில் அந்த நான்கு நிமிடம் இல்லை.

குடும்பக் கூட்டம்

முதல் சந்திப்புக்குப் பின் ஆறாவது வாரம். தாய் முழுதாக மீளவில்லை. டெலிரியம் வடிய வாரங்களும் மாதங்களும் ஆகலாம் என்று குடும்பத்துக்கு முன்பே சொல்லியிருந்தது நல்லதாயிற்று, இல்லாவிட்டால் இரண்டாம் வாரமே "மருந்த நிறுத்தியும் சரியாகல" என்று கைவிட்டிருப்பார்கள். கூட்டம் காலை பத்து மணிக்கு வைக்கப்பட்டது, தாய் தெளிவாக இருக்கும் நேரம் அது. மகன் காணொளியில் சேர்ந்தார். 75 நிமிடத்துக்கு மேல் நீட்டுவதில்லை என்று முன்பே பேச்சு. இதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி, யார் எதற்குப் பயப்படுகிறார் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்; கூட்டத்தில் முதல்முறையாக ஒன்று வெடித்தால் அந்தக் கூட்டம் போனதுதான்.

தாய் முதலில் பேசினார். "நான் யாருக்கும் பாரமா இருக்க வேணாம். ஆனா இப்பவே என்ன அனுப்பிடாதீங்க." இடம் பற்றிய பேச்சைக் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு ஒதுக்கியிருந்தோம். அதற்கு முன் வேலைகள். ஒரு வாரத்தில் செய்யவேண்டிய வேலைகள் 31 என்று பலகையில் எழுதினால், அதில் 27க்கு நேரே மகளின் பெயர். மகன் அதைப் பார்த்துச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா, நீ ஒண்ணும் சொல்லலயே" என்றார்.

தூரத்தில் இருப்பவரிடம் "முடிஞ்சப்ப வரேன்" என்ற வாக்கை வாங்கிக்கொண்டு எழுந்துவிடக் கூடாது. தேதி கேட்க வேண்டும். மாதத்தின் முதல் வெள்ளி முதல் திங்கள் காலை வரை அவரே வந்து அம்மாவோடு இருப்பது, மருத்துவர் சந்திப்புகளுக்கு நேரம் வாங்குவது, மாத்திரை தீரும் முன் வாங்கி அனுப்புவது, கட்டணங்கள் எல்லாம், தினமும் மாலை ஆறரைக்கு அம்மாவிடம் பேசுவது என்று எழுதிக் கையெழுத்தானது. மாலைக் குழப்பம் ஏறும் நேரத்தில் அந்த அழைப்பு மகளுக்கு இருபது நிமிடம் தந்தது.

பணத்துக்குத் தாயின் முடிவெடுக்கும் திறனை அந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் பார்த்தார்கள். பால் ஆப்பல்பாமும் தாமஸ் கிரிஸ்ஸோவும் 1988இல் வகுத்த நான்கு: ஒரு தெரிவைச் சொல்ல முடிகிறதா, விவரம் புரிகிறதா, அது தனக்கு என்ன செய்யும் என்று உணர்கிறாரா, காரணம் சொல்ல முடிகிறதா. காதுக் கருவியோடு, காலை வேளையில், நான்கும் இருந்தன. "அட்டை எங்கிட்ட இருக்கட்டும். மாசக் கணக்கு ரெண்டு பேருக்கும் போகட்டும். அப்ப யாரும் யாரையும் சொல்ல முடியாதில்ல" என்றார். அப்படியே ஏற்பாடானது: நிலையான கட்டணங்கள் தானாகக் கழியும், மாத அறிக்கை இருவருக்கும் போகும், வீட்டில் ஒரு நோட்டில் ரசீது ஒட்டப்படும். திறன் இருக்கும்போதே அதிகாரப் பத்திரம் எழுதுவது பற்றியும் வழக்கறிஞரைப் பார்க்கத் தேதி குறித்தார்கள். கணக்கில்லாத அந்த இரண்டு எடுப்புகள் அப்படியே நின்றன. அக்காவுக்குத் தம்பி மேல் முழு நம்பிக்கை திரும்பவில்லை. கோப்பிலும் அப்படித்தான் எழுதப்பட்டது.

உதவிக்கு வந்தவரை அனுப்பிவிட்டார்

வாரத்தில் நான்கு பிற்பகல் ஓர் உதவியாளர் என்று ஏற்பாடு. இரண்டாம் நாளே தாய் அவரை வாசலோடு அனுப்பிவிட்டார். குடும்பம் இதை "அம்மா ஒத்துழைக்க மாட்டாங்க" என்று படித்தது. நடந்ததைக் கேட்டால் காரணம் வேறு. "உங்கள பார்த்துக்க ஆள் வந்திருக்கு" என்று அறிமுகம். மகள் அப்படியே வேலைக்குக் கிளம்பிவிட்டார். வந்தவர் நேராகக் குளிக்கவைக்க முயன்றார். தெரியாத ஆளின் முன்னால் முதல் நாளே உடை களைவதற்கு யார்தான் சம்மதிப்பார்கள்?

இரண்டாவது முயற்சியில் அதே உதவியாளர், அதே நேரம். அறிமுகம் மாறியது: "வீட்டு வேலைல எனக்குக் கூட மாட இருக்க வந்திருக்காங்க அம்மா." முதல் மூன்று தடவை மகள் கூடவே இருந்தார். உடலைத் தொடும் வேலை எதுவும் இல்லை. துணி மடிப்பது, சேர்ந்து உட்காருவது, வாசல்வரை நடப்பது மட்டும். இரண்டாம் வாரத்தில் கால் கழுவ உதவி, மூன்றாம் வாரத்தில் குளியல். இந்த முறை நின்றது.

பன்னிரண்டாம் வாரம்

காட்ஸ் 5, குளியலுக்கு மட்டும் துணை. லாட்டன்-பிராடி 5. நடை 16 விநாடி. எடை 51 கிலோ. வாய் வறட்சி போனதும் பல்செட் பொருந்தத் தொடங்கியது எடைக்கு முக்கியக் காரணம். இரவில் எழுவது ஒரு தடவை. மகளின் சுமை 88க்கு 33.

இப்போதுதான் நினைவாற்றல் சோதனை. மூன்று சொல்லை நினைவில் வைத்து, கடிகாரம் வரையச் சொல்லும் மினி-காக் என்ற குறுஞ்சோதனையில் 5க்கு 2: கடிகாரம் சரி, மூன்று சொல்லில் ஒன்றும் நினைவில் இல்லை. நினைவாற்றல் பிரிவில் விரிவாகப் பார்த்து, ஆரம்பநிலை அல்சைமர் என்றார்கள். ஆகவே பரிந்துரைத் தாளில் இருந்த "மறதி நோய்" வெறும் பொய்யும் அல்ல. ஏற்கனவே தேயத் தொடங்கிய மூளைதான் மருந்துக் குழப்பத்தில் எளிதாகச் சரியும். ஆனால் முதல் வாரத்தில் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால், காட்ஸ் 3 உள்ள பெண் ஒருவர் இல்லத்துக்குப் போயிருப்பார், தூக்க மாத்திரையும் கூடவே போயிருக்கும். இப்போது அந்தப் பெயரைக் கேட்பவர் காட்ஸ் 5 உள்ள பெண், தன் எதிர்காலத்தைப் பற்றித் தானே பேசக்கூடியவர்.

பேசினார். இல்லமே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மகளைக் காட்டி, "இவளையே எனக்குத் தெரியாமப் போற நாள்ல என்னக் கொண்டு விடுங்க. தனி அறை வேணும். காதுல மெஷின தினமும் யாராவது போட்டுவிடணும்" என்றார். இது அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கப்பட்டது. கூடவே, அதற்கு முன்பே ஏற்பாட்டை மறுபரிசீலனை செய்யவேண்டிய நிலைகளும்: ஒரு மாதத்தில் இரண்டு முறை விழுதல், இரவில் வாசலைத் தாண்டி வெளியே போதல், அடுப்பு அணைக்கப்படாமல் கிடத்தல், தொடர்ந்து ஒரு வாரம் மகளுக்கு ஐந்து மணி நேரத்துக்குக் குறைவான தூக்கம், கையில் மீண்டும் கன்றல். இவற்றில் எது நடந்தாலும் யார் யாரை அழைப்பது என்பதும் அதே தாளில் இருக்கிறது. தாளின் பிரதிகள் தாயிடமும் பிள்ளைகள் இருவரிடமும் குடும்ப மருத்துவரின் கோப்பிலும் உள்ளன. எதுவும் நடக்காவிட்டாலும் மூன்று மாதத்தில் அடுத்த சந்திப்பு, காலை பத்து மணிக்கு.